அகநோக்கு முறை: சொல் விளக்கம்

உளவியல் பாடநூல்களில் ‘இன்ட்ரோஸ்பெக்‌ஷன்’ என்னும், தம் மனத்தில் தோன்றுவதைத் தாமே கவனித்துச் சொல்லும் ஆய்வுமுறைக்கு அகநோக்கு, உள்நோக்கு, சுயபரிசோதனை எனப் பல பெயர்கள் புழங்குகின்றன. மாணவர்கள் இவற்றில் எதையும் எழுதலாம் என்று நினைப்பது எனக்குக் கவலை தருகிறது.

இச்சொல்லின் வேர் இலத்தீன்: ‘இன்ட்ரோ’ என்றால் உள்ளே, ‘ஸ்பெக்கரே’ என்றால் பார்த்தல். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது.

இதை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுசென்றவர் வில்ஹெல்ம் வுன்ட். 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வுக்கூடம் அமைத்தவர் இவர். ஓய்வாக அமர்ந்து மனத்தை அசைபோடுவதை அவர் அறிவியலாக ஏற்கவில்லை. ஒரே தூண்டலைப் பலமுறை தர வேண்டும். பயிற்சி பெற்றவர் தமக்குள் தோன்றியதை அந்தக் கணமே சொல்ல வேண்டும். சீரான இடைவெளியில் ஒலிக்கும் தாளமானி என்னும் கருவியின் தட்டலைக் கேட்கும்போது எழுவது இனிமையா, இறுக்கமா, கிளர்ச்சியா என்று இப்படித்தான் ஆராய்ந்தார். அவருடைய மாணவர் டிட்ச்னர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இன்னும் கடுமை காட்டினார். ஆப்பிளைப் பார்த்து ‘ஆப்பிள்’ என்று சொல்வதே பிழை. நிறத்தையும் ஒளிர்வையும் வடிவத்தையும்தான் சொல்ல வேண்டும்.

முறையின் பலவீனமும் இங்கேதான். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனப்படிமம் (மனத்தில் தோன்றும் காட்சி, ஒலி போன்றவை) இல்லாத சிந்தனையும் உண்டு என்றார்கள், டிட்ச்னர் மறுத்தார். ஒருவர் மனத்துக்குள் இன்னொருவர் புகுந்து சரிபார்க்க முடியாததால் வழக்கு தீரவில்லை. 1913இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன், உளவியல் நடத்தையை மட்டுமே ஆராய வேண்டும் என்று அறிவித்தார்.

தமிழுக்கு வருவோம். தேர்தலில் தோற்ற கட்சி ‘சுயபரிசோதனை’ செய்கிறது. அதில் குறைகாணலும் திருந்தலும் உண்டு. வுன்ட் கேட்டது தீர்ப்பை அல்ல, விவரிப்பை. ‘உள்நோக்கு’ என்றாலோ ‘உள்நோக்கம் கொண்ட பேச்சு’ என்னும் செய்தித்தாள் வழக்கு நினைவுக்கு வந்து, மறைத்துவைத்த திட்டம் என்று பொருள் திரிகிறது. ‘அகம்’ மனத்தையும் உள்ளிடத்தையும் சேர்த்தே குறிக்கும். ‘நோக்கு’ வெறும் பார்வையன்று, கருத்தூன்றிப் பார்த்தல். ஆகவே ‘அகநோக்கு முறை’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன்.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். கணக்குப் போடுபவரை, மனத்தில் ஓடுவதை அப்படியே வாய்விட்டுச் சொல்லவைத்துப் பதிவுசெய்யும் முறை இன்று உண்டு. 1980இல் ஆய்வாளர்கள் ஆண்டர்ஸ் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் இதற்குக் கோட்பாட்டு அடித்தளம் தந்தார்கள். இதில் பேசுபவர், டிட்ச்னர் கேட்டதுபோல் தம் எண்ணத்தைப் பகுத்து விளக்கக் கூடாது. எனவே இதை ‘உரக்கச் சிந்தித்தல்’ என்று தனியே எழுதுவதே சரி.