ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்: டெலி ஜூம் லென்ஸைப் பழகும் முறை

24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (36 மி.மீ. அகல சென்சார்) கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 6 மைக்ரான். அதில் 600 மி.மீ. லென்ஸை மாட்டினால், ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பொருளில் ஒரு சென்டிமீட்டர்தான் ஒரு பிக்சலுக்குள் அடங்கும். 30 செ.மீ. நீள லென்ஸின் முனை வெறும் 3 மைக்ரான் அசைந்தாலே காட்சி ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். ஒரு தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன்.

புதிதாக 150-600 ஜூம் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே "லென்ஸ் ஷார்ப்பா இல்லை" என்று கடைக்குத் திரும்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். கை, ஃபோகஸ், காற்று, கண்ணாடி என நான்கில் எது படத்தைக் கெடுத்தாலும் பார்வைக்கு ஒரே மாதிரி மசமசப்பாகத்தான் தெரியும். எது குற்றவாளி என்று பிரித்தறியக் கற்றுக்கொள்வதுதான் இந்த லென்ஸைப் பழகுவதில் பாதி வேலை.

லென்ஸின் மேல் 150-600, 5-6.3 என்று பொறித்திருக்கும். முதலாவது மி.மீ. கணக்கில் குவியத் தொலைவு, இரண்டாவது எஃப் என்று சொல்லும் துளை எண். குவியத் தொலைவைத் துளை எண்ணால் வகுத்தால், ஒளி நுழையும் வாயிலின் விட்டம் கிடைக்கும். 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95 மி.மீ. இந்த வகை லென்ஸ்கள் சிலவற்றுக்கு 95 மி.மீ. ஃபில்டர் தேவைப்படுவது இதனால்தான். இதையே எஃப் 4 ஆக்க வேண்டுமானால் முன்கண்ணாடி 150 மி.மீ. அகலம் இருந்தாக வேண்டும். அப்படிப்பட்ட 600 மி.மீ. லென்ஸ்கள் 3 கிலோ எடையும் பல லட்சம் விலையுமாக இருக்கின்றன. கொஞ்சம் வெளிச்சத்தை விட்டுக்கொடுத்து 2 கிலோவில் அடக்கியதுதான் நம் ஜூம். அதிகாலையிலும் அந்தியிலும் ஐ.எஸ்.ஓ. எனும் ஒளி உணர்திறனை 3200 வரை ஏற்றத் தயங்காதீர்கள். படத்தில் மணல்மணலாகத் தெரியும் இரைச்சலைப் பின்னால் குறைத்துக்கொள்ளலாம். அசைந்த படத்தைத் திருத்த வழி கிடையாது.

600 மி.மீ. லென்ஸ் 60 செ.மீ. நீளம் இல்லாமல் இருப்பதே ஒரு நுட்பம். முன்பக்கக் கண்ணாடித் தொகுதி ஒளியைக் குவிக்கிறது. பின்னால் இருக்கும் குழிலென்ஸ் தொகுதி அந்தக் குவிதலைச் சற்றே தளர்த்துகிறது. அதனால் குறுகிய குழாய்க்குள்ளேயே நீண்ட குவியத் தொலைவு கிடைத்துவிடுகிறது. 1891-இல் இங்கிலாந்தின் டால்மேயர் உள்ளிட்ட சிலர் இந்த அமைப்பைத் தனித்தனியே கண்டடைந்தார்கள். ஜூம் வளையத்தைத் திருப்பும்போது இந்தத் தொகுதிகளுக்கு இடையிலான தூரம் மாறுகிறது. இன்றைய புகைப்பட ஜூம்கள் பெரும்பாலானவற்றில் அப்போது ஃபோகஸும் லேசாக விலகிவிடும். 150-இல் பறவையைத் தேடிப் பிடித்து 600-க்கு இழுத்ததும் ஷட்டர் பட்டனை மறுபடி பாதி அழுத்தி ஃபோகஸ் செய்யுங்கள். அப்படித் தேடுவதே நல்ல பழக்கம்தான். 150-இல் பார்வைக் கோணம் சுமார் 16 பாகை, 600-இல் 4 பாகை. நேராக 600-இல் தேடினால் வெறும் வானம்தான் அகப்படும்.

முதல் நாளே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பொடி எழுத்து நிறைந்த செய்தித்தாள் பக்கத்தைச் சுவரில் தட்டையாக ஒட்டுங்கள். 15 மீட்டர் தள்ளி டிரைபாட் வையுங்கள். டிரைபாடில் பூட்ட வேண்டியது கேமராவை அல்ல, லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையமான லென்ஸ் காலரின் அடிப்பாதத்தை. கையாட்டத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். டைமர் 2 வினாடி. எஃப் 6.3-இலும் எஃப் 8-இலும் மும்மூன்று படங்கள், ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஃபோகஸ். எஃப் 8-இல் கூர்மை சற்றுக் கூடினால் அது இயல்பு. எஃப் 16-க்கு மேல் போனால் ஒளியின் விளிம்பு விளைவால் மறுபடி மங்கும்.

டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஆடி உள்ள கேமரா) வைத்திருப்பவர்கள் இதே சோதனையை லைவ் வியூவிலும், அதாவது பின்திரையில் பார்த்தும், செய்து பாருங்கள். லைவ் வியூவில் பளிச்சென்றும் வியூஃபைண்டர் வழியாக மங்கலாகவும் வந்தால் லென்ஸில் குறை இல்லை. வியூஃபைண்டருக்கான ஃபோகஸ் சென்சார் தனியாகக் கீழே இருப்பதால் இரண்டுக்கும் இடையே சிறு விலகல் வருகிறது. கேமரா மெனுவில் ஃபோகஸ் நுண்திருத்தம் இருந்தால் அதில் சரிசெய்யலாம். ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமரா படமெடுக்கும் சென்சாரிலேயே ஃபோகஸை அளப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு மூலை மட்டும் மங்கினால் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். கேமரா சுவருக்கு நேராக இல்லாவிட்டாலும் அப்படித்தான் வரும். காலரைத் தளர்த்தி லென்ஸையும் கேமராவையும் சேர்த்து 90 பாகை சுழற்றி மறுபடி எடுங்கள். மங்கல் படச்சட்டத்தின் அதே மூலையோடு கூடவே வந்தால், உள்ளே ஏதோ கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. அந்த லென்ஸை மாற்றிக் கேட்கலாம். செய்தித்தாளின் அதே பக்கத்திலேயே மங்கல் நின்றுவிட்டால் தப்பு நீங்கள் வைத்த கோணத்தில். மலிவான யுவி ஃபில்டர் போட்டிருந்தால் அதைக் கழற்றாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். டெலி லென்ஸின் கூர்மையை அது தாராளமாகக் கெடுக்கும்.

டிரைபாடில் நன்றாக வந்து கையில் கெட்டால் கைதான் காரணம். ஷட்டர் வேகம் குவியத் தொலைவின் தலைகீழ் எண்ணுக்குக் குறையக்கூடாது என்பது பழைய கணக்கு. 600-க்கு 1/600. சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் ஒன்றரை மடங்கு, அதாவது 1/1000-க்கு அருகில். ஸ்டெபிலைசர் இதைத் தளர்த்துகிறது. லென்ஸுக்குள் இருக்கும் சிறு கைரோ சென்சார்கள் ஆட்டத்தை அளக்க, மின்காந்தச் சுருள்கள் ஒரு கண்ணாடித் தொகுதியை எதிர்த்திசையில் நகர்த்துகின்றன. கழற்றி மாட்டும் லென்ஸ்களில் 1995-இல் கேனனின் 75-300 மூலம் இது வந்தது. ஆனால் அது உங்கள் கையாட்டத்தைத்தான் நிறுத்தும், கொக்கின் சிறகடிப்பை நிறுத்தாது. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500, பறப்பதற்கு 1/2000, சின்னப் பறவைகளுக்கு 1/3200 என்று தொடங்குங்கள். பறவையைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பும்போது ஸ்டெபிலைசரை இரண்டாவது நிலைக்கு மாற்றினால், பல லென்ஸ்களில் அது பக்கவாட்டு அசைவை விட்டுவிட்டு மேல்கீழ் ஆட்டத்தை மட்டும் சரிசெய்யும். பாதி அழுத்தியதும் அரை வினாடி பொறுத்துக் காட்சி நிலைத்த பிறகு முழுதாக அழுத்துங்கள்.

600 மி.மீ., எஃப் 6.3, 10 மீட்டர் தூரம். இதில் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 10 செ.மீ. சாம்பல் நாரை உங்களை நேர்பார்த்து நின்றால் கண்ணும் வாலும் ஒருசேரத் தெளிவாக வராது, ஆகவே ஃபோகஸ் புள்ளி கண்ணில் இருக்கட்டும். லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தவித்தால் ஃபோகஸ் எல்லைப் பொத்தானை 10 மீட்டர் முதல் முடிவிலி வரை என்று வையுங்கள், தேட வேண்டிய தூரம் குறையும்.

அதிகம் பேர் சந்தேகிக்காத குற்றவாளி காற்று. வெயில் ஏறியதும் தரையை ஒட்டிய காற்று சூடாகி, அடுக்கடுக்காக வெவ்வேறு வெப்பநிலையில் புரள்கிறது. ஒவ்வோர் அடுக்கிலும் ஒளி சற்றே வேறுவிதமாக வளைகிறது. வேதாரண்யம் உப்பளங்களின் ஓரத்தில் நடுப்பகலில் 200 மீட்டர் தள்ளி நிற்கும் பூநாரையை எடுத்தால், எத்தனை லட்சம் கொடுத்த லென்ஸும் கானலைத்தான் பதிவு செய்யும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் டிரைபாட் வைத்தாலும் அலை அலையாகத்தான் வரும்.

கண்டுபிடிக்க எளிய வழி: அசையாத ஒரு கம்பத்தை வரிசையாகப் 10 படம் எடுங்கள். கம்பத்தின் விளிம்பு படத்துக்குப் படம் வெவ்வேறு இடத்தில் நெளிந்தால் காற்று. பத்திலும் ஒரே மாதிரி மங்கினால் ஃபோகஸையோ கண்ணாடியையோ பாருங்கள். மருந்து இரண்டுதான்: காலை 8 மணிக்குள் எடுப்பது, பறவையைக் கலைக்காமல் முடிந்தவரை தூரத்தைக் குறைப்பது. காருக்குள் ஏசி போட்டுக்கொண்டு ஜன்னலை இறக்கி எடுத்தால் உள்ளே இருக்கும் குளிர்காற்றும் வெளியே இருக்கும் வெக்கையும் ஜன்னலிலேயே கலந்து இதே வேலையைச் செய்யும். ஏசியை அணைத்து எல்லா ஜன்னல்களையும் திறந்து சில நிமிடம் காத்திருங்கள்.

இரவில் நிலாவை எடுக்கும்போது ஃபோகஸ் வளையத்தைக் கடைசி வரை திருகிவிடாதீர்கள். வெப்பத்தில் பாகங்கள் விரிந்து சுருங்குவதற்கு இடம் கொடுத்து, டெலி லென்ஸ்களின் வளையத்தை முடிவிலியையும் தாண்டிப் போகும்படி வைத்திருக்கிறார்கள். 600-இல் முழுநிலா சென்சாரில் ஐந்தரை மி.மீ. அகலம்தான் விழும், அதுவும் வினாடிக்கு 7 பிக்சல் வீதம் நகர்ந்துகொண்டிருக்கும். எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, 1/200 என்று ஆரம்பித்துப் பாருங்கள். சூரியனை மட்டும், முன்கண்ணாடியை முழுதாக மூடும் சூரிய ஃபில்டர் இல்லாமல் ஒரு நொடிகூடக் குறிவைக்காதீர்கள். டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டரில் கண் போய்விடும்.

தூக்கிச் செல்லும்போது பட்டையை லென்ஸ் காலரில் கோர்த்துக்கொள்ளுங்கள். கேமராவில் கோர்த்தால் 2 கிலோவும் லென்ஸ் மாட்டும் மவுண்டின் திருகுகளில் தொங்கும். நம் கடற்கரை ஊர்களில் பூஞ்சைதான் பெரிய எதிரி. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஈரப்பத மானியும் போட்டு 40-50 சதவீதத்தில் வையுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்ததும் முன்கண்ணாடியில் பனி படர்ந்தால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை. பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளியே வைத்து, லென்ஸ் ஊர்ச்சூட்டுக்கு வந்த பிறகு எடுங்கள்.