சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும் மாக்

சில ஆண்டுகளுக்கு முன், வெளிச் சேவை ஒன்றிடமிருந்து டோக்கனை, அதாவது குறிப்பிட்ட நேரம்வரை செல்லும் அனுமதிச் சீட்டைப் பெற்று, அது காலாவதியாகும்வரை வைத்துப் பயன்படுத்தும் சிறு நிரல்பகுதி ஒன்றை எழுதினேன். அதற்கான யூனிட் டெஸ்ட்களில், அதாவது நிரலின் சிறு பகுதியைத் தனியே சோதிக்கும் நிரல்களில், அந்தச் சேவையின் இடத்தில் ஸ்டப் எனும் போலி ஒன்றை வைத்து, காலாவதி நேரத்தை அது மில்லிசெகண்டில் தரும்படி செய்திருந்தேன். டோக்கன் செல்லுபடியாகும்வரை மறுபடி கேட்கக் கூடாது, காலாவதியானதும் கேட்க வேண்டும் என்ற இரண்டையும் சோதித்தேன். இரண்டும் தேறிப் பச்சை காட்டின. உண்மையான சேவையோ அந்த நேரத்தை செகண்டில் தந்துகொண்டிருந்தது. இத்தகைய நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் எண்ணுவது கணினி வழக்கம். அந்தக் கணக்கில் செகண்டுகள் இன்று 10 இலக்க எண். மில்லிசெகண்டுகள் 13 இலக்க எண். முன்னதைப் பின்னதோடு ஒப்பிட்டால், கைக்கு வந்த கணமே ஒவ்வொரு டோக்கனும் காலாவதியானதாகத்தான் தெரியும். எனவே நிரல் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது டோக்கன் வாங்கியது. எதுவும் உடையவில்லை, கொஞ்சம் மெதுவாக ஓடியது, அவ்வளவுதான். பயனர் நெரிசல் மிகுந்த ஒரு நாளில் அந்தச் சேவை, கோரிக்கைகள் மிகுந்துவிட்டன என்று பொருள்படும் 429 என்ற பதிலைத் தந்து கதவைச் சாத்திய பிறகே விஷயம் வெளியே வந்தது.

நிரலை எழுதியதும் நான், ஸ்டப்பை எழுதியதும் நான். ஒரே தப்பான அனுமானம் இரண்டு கோப்புகளிலும் உட்கார்ந்துகொண்டு ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லியிருக்கிறது. யூனிட் டெஸ்ட் எழுதப் பழகும் இளைய நிரலாளர்களுக்கு, இத்தகைய போலிகளை உருவாக்கித்தரும் மாக் நூலகத்தின் கட்டளைகளைச் சொல்லித்தரும் நாம், இந்த ஆபத்தைச் சொல்லித்தர மறந்துவிடுகிறோம்.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். உண்மைப் பொருளுக்குப் பதிலாகச் சோதனையில் நிற்கும் எதையும் டெஸ்ட் டபுள் என்று பொதுவாக அழைக்கும் வழக்கம், 2007இல் ஜெரார்ட் மெசாரோஸ் வெளியிட்ட நூலின் வழியாகப் பரவியது. சண்டைக் காட்சியில் நாயகனுக்குப் பதிலாகக் குதிக்கும் டூப்பை நினைத்தே அந்தப் பெயரை அவர் வைத்தார். டூப்பிலும் வகை உண்டு. கேட்டதற்கு முன்கூட்டியே எழுதிக்கொடுத்த பதிலைத் தருவது ஸ்டப். தன்னை யார், எத்தனை முறை, எந்த மதிப்புகளோடு அழைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பைச் சுமந்துகொண்டு, அது நிறைவேறாவிட்டால் சோதனையைத் தோல்வியடையச் செய்வது மாக். உண்மையாகவே வேலை செய்யும், ஆனால் எளிமையாக்கப்பட்ட மாற்று ஃபேக். இன்றைய நூலகங்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் மாக் என்றே அழைப்பதால், தான் எழுதுவது எந்த வகை என்று நிரலாளர் யோசிப்பதே இல்லை.

யோசிக்காததன் விலை, நிரலைச் சீரமைக்கும்போது தெரியும். வாடிக்கையாளர் தரும் ஆணையின் (ஆர்டரின்) மொத்தத் தொகையைக் கணக்கிடும் ஒரு வகுப்பை (கிளாஸை) எடுத்துக்கொள்வோம். வரி விகிதத்தைத் தரும் பொருளையும் தள்ளுபடியைத் தரும் பொருளையும் மாக் ஆக்கி, 'வரி விகிதம் ஒரு முறை கேட்கப்பட்டதா' என்று சரிபார்க்கும் சோதனைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். விகிதம் ஒரு முறை கேட்கப்பட்டாலும் மூன்று முறை கேட்கப்பட்டாலும் பயனருக்கு ஒன்றுதான். அவருக்கு வேண்டியது சரியான தொகை. அங்கே ஸ்டப் வைத்து, வந்த தொகையைப் பார்த்தாலே போதும். அதே ஆணை ரத்தானதும் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் போக வேண்டும் என்பது வேறு வகை: அனுப்புவது என்ற செயலே அங்கு விளைவு, இரண்டு முறை அனுப்பினால் அது பிழை. மாக் வைக்க வேண்டிய இடம் அது. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் உள்ளே நடக்கும் ஒவ்வோர் அழைப்பையும் சரிபார்த்தால், ஒரு செயற்கூற்றை இரண்டாகப் பிரித்த மாத்திரத்தில், நடத்தை இம்மியும் மாறாதபோதும், நாற்பது சோதனைகள் சிவந்து நிற்கும். பிறகு அந்தச் சிவப்பை யாரும் மதிக்க மாட்டார்கள்.

கருவிகளும் சில நேரம் ஏமாற்றும். பைத்தான் மொழியின் மாக் பொருள், இல்லாத பண்பைக் கேட்டாலும் அந்த இடத்திலேயே ஒன்றை உருவாக்கிக் கொடுத்துவிடும். சரிபார்க்கும் கட்டளையின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை செய்தால், பழைய பதிப்புகளில் அந்த வரி எதையும் சரிபார்க்காமல், எந்தக் குறையும் சொல்லாமல் தேறிவிடும். 'அசெர்ட்' என்று தொடங்கும் தெரியாத பெயர்கள் பைத்தான் 3.5 முதல் பிழையாகின்றன. அந்த முன்சொல்லை விட்டுவிட்டு 'கால்ட் ஒன்ஸ்' என்று மட்டும் எழுதும் தவறு 3.12இல்தான் பிடிபடத் தொடங்கியது. உண்மை வகுப்பின் வடிவத்தை அப்படியே பின்பற்றும் ஆட்டோஸ்பெக் வசதியைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி இல்லை. ஜாவா மொழியின் மாக் நூலகமான மொக்கிட்டோவில் பதில் எழுதித்தராத மெத்தடை அழைத்தால் பூஜ்யமோ, வெற்றுப் பட்டியலோ, மதிப்பில்லை என்பதைக் குறிக்கும் null-ஓ வந்துவிடும். தற்செயலாக அந்த வெற்றுப் பட்டியலே சோதனையைத் தேறவைத்த கதைகளும் உண்டு.

எந்தச் சோதனையையும் நம்புவதற்கு முன் நான் செய்யும் வேலை ஒன்று உண்டு. நிரலில் வேண்டுமென்றே ஒரு வரியைக் கெடுத்துவிட்டு, சோதனை சிவக்கிறதா என்று பார்ப்பேன். சிவக்கவில்லை என்றால் அது மாக்கைத்தான் சோதித்துக்கொண்டிருக்கிறது.

பிறர் எழுதிய நூலகத்தையோ சேவையையோ நேரடியாக மாக் செய்வதையும் விட்டுவிட்டேன். அதைச் சுற்றி மெல்லிய உறை ஒன்றை எழுதி, மற்ற நிரல்பகுதிகளின் சோதனைகளில் அந்த உறைக்கு மட்டும் டூப் வைக்கிறேன். உறையை உண்மைச் சேவையோடு பேசவைத்துத் தனியே சோதிக்கிறேன். தரவுத்தளத்துக்கு ஃபேக் வைப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குப் பதிலாக நினைவகத்தில் ஓடும் எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தை வைத்தால் சோதனை வேகமாக ஓடும், ஆனால் 10 எழுத்து என்று வரம்பிட்ட நெடுவரிசையில் 50 எழுத்துகளை எஸ்கியூலைட் மறுப்பின்றி வாங்கிக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் வாங்காது.

இத்தனைக்குப் பிறகும் டூப் இல்லாமல் முடியாத இடங்கள் இருக்கின்றன. இணைப்பு பாதியில் அறுவதையும் வட்டு நிறைந்துபோவதையும் உண்மைச் சூழலில் வேண்டியபோது வரவழைக்க முடியாது. அந்த 429 பதிலும் அப்படித்தான். தயவுசெய்து இப்போது என்னை மறுத்துவிடு என்று எந்தச் சேவையிடமும் கேட்க இயலாது. ஆகவே அந்தப் பிழையைத் திருத்திய பிறகு, மறுப்பு வந்தால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைச் சோதிக்க மறுபடியும் ஒரு ஸ்டப்பைத்தான் எழுதினேன். பதிலோடு வந்து காத்திருக்கும் நேரத்தைச் சொல்லும் ரிட்ரை ஆஃப்டர் என்ற தலைப்பில் (ஹெடரில்) செகண்டுகளின் எண்ணிக்கை வரும் என்று முதல் வரியைத் தட்டிய பிறகு, கையை நிறுத்திவிட்டு ஹெச்டிடிபி விதியைத் திறந்து பார்த்தேன். அதில் எண் வரலாம், முழுத் தேதியும் நேரமும்கூட வரலாம் என்று இருந்தது. அன்று இரண்டு ஸ்டப்கள் எழுதினேன்.