கப்பலை விட்டு இறங்கிய காந்த ஊசி

காந்தத் துருவத்துக்கே போய்விட்டால் திசைகாட்டி எந்தப் பக்கம் காட்டும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். எந்தப் பக்கமும் காட்டாது. அங்கே காந்தப்புலம் செங்குத்தாக நிற்பதால், கிடை ஊசியைத் திருப்ப விசையே இருக்காது. துருவத்தைத் தேடிப் போகிறவருக்கு மேலும் கீழுமாக ஆடும் சரிவு ஊசிதான் வேண்டும். காந்த நடுக்கோட்டை ஒட்டிய திருநெல்வேலியில் ஏறக்குறையப் படுத்துக் கிடக்கும் இந்த ஊசி, துருவத்தில் 90° நிமிர்ந்துவிடும்.

1837 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி த்யூமோன் த்யுர்வில் தலைமையில் தூலோனிலிருந்து கிளம்பிய அஸ்த்ரோலாப், ஸெலே கப்பல்கள் 1838இல் அண்டார்க்டிகாவின் வெடல் கடல் பனியிடம் தோற்றுத் திரும்பின. மாலுமிகளை ஸ்கர்வி பிடித்தது. 1840 ஜனவரியில் தென் காந்தத் துருவத்தைத் தேடி டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டிலிருந்து மறுபடி தெற்கே போனபோது அண்டார்க்டிகாவின் அடேலி நிலம் தென்பட்டது. கடல் அளவையாளர் த்யூமூலேன் சரிவு ஊசிக் கருவியோடு மிதக்கும் பனிப்பாளத்தில் இறங்கினார். கப்பல் மரம்தான், ஆனால் நங்கூரம், சங்கிலி, பீரங்கி என்று அதில் ஏற்றியிருந்த இரும்பு ஊசியை இழுக்கும்.

கருவி எளிது: அகேட் கல் விளிம்புகளில் மெல்லிய அச்சு, அதில் ஊசி, சுற்றிலும் பாகை வட்டம். முதலில் கால் திருகுகளால் மட்டம் பார்க்க வேண்டும். பிறகு ஊசி நேர்செங்குத்தாக நிற்கும்வரை கருவியைச் சுழற்றி, அங்கிருந்து 90° திருப்பினால் அதுதான் காந்தத் துருவத்தளம், அதாவது காந்தப்புலத்தின் திசை அடங்கிய செங்குத்துத் தளம்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். ஊசியின் இரு முனைகளையும் படித்தால், அச்சு வட்டத்தின் மையம் தப்பிய பிழை போகும். கருவியை 180° திருப்பிப் படித்தால் மட்டப் பிழை போகும். ஊசியை முன்பின்னாக மாற்றிப் போட்டால், காந்த அச்சு ஊசியின் நீளத்தோடு ஒட்டாத பிழை போகும். எஞ்சுவது எடை. கீழே சாயும் முனை துளி கனமாக இருந்தாலும் ஊசி கூடுதலாகச் சரியும். அதற்கு வழி, சட்டக் காந்தங்களால் தேய்த்து ஊசியின் வடக்கையும் தெற்கையும் இடம் மாற்றுவது! இப்போது கனமான முனை மேலே போய்விடும். முன்பு கூட்டிய அதே எடை இப்போது குறைக்கும். மொத்தம் 16 அளவீடுகள், ஒரு சராசரி. அச்சில் துரு ஏறினால் மட்டும் இவை எதுவும் உதவாது. ஊசி ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கும்.

பனிப்பாளம் மெல்லத் திரும்பினால் துருவத்தளம் தவறாதா? தவறும், ஆனால் துருவத்தருகே அது பெரிய கெடுதல் இல்லை. சரிவு 45° உள்ள ஊரில் தளம் 10° பிசகினால் அளவு 26 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) தப்பும். 86° சரிவில் 4 கலைகூடத் தப்பாது.

அதே பயணத்தில் மண்டை ஓட்டின் மேடு பள்ளங்களில் குணம் படிப்பதாகச் சொன்ன த்யூமூத்தியே என்பவருக்கும் அரசு செலவில் இடம் கிடைத்தது. தன் பிழையைத் தானே தேடும் 16 அளவீடுகள் அவரிடம் இல்லை.

1840இல் த்யுர்வில் துருவத்தை மிதிக்க முடியவில்லை. 1909இல் ஷாக்கில்டன் குழுவைச் சேர்ந்த டேவிட், மாசன், மக்கே மூவரும் 72°25' தெற்கில், பனிமேட்டில் நடந்துபோய் அதைக் குறித்தார்கள். துருவம் அதன்பின் வடக்கே நகர்ந்துகொண்டே வந்து, இப்போது அடேலி நிலத்தின் கரையைத் தாண்டிக் கடலுக்குள் இருக்கிறது.