பூண்டு வாசனை வந்தால் அடுப்பை அணையுங்கள்

போன வாரம் ஒரு தம்பி, ஐந்து கிலோ அரிசிப் பையில் பாறைப் பொடியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். தாத்தா கேஜிஎஃப் (கோலார் தங்க வயல்) மைனில் வேலை பார்த்தவராம். தம்பி அந்தப் பொடியைப் பின்கட்டில் இரும்புச் சட்டியில் மூன்று நாள் வறுத்திருக்கிறார்.

"பூண்டு வாசனை வந்துச்சு சார். அப்படி வந்தா தங்கம் பிரியுதுன்னு வீடியோல சொன்னாங்க."

தொண்டை கம்மியிருந்தது. பையைப் பிரிக்கவில்லை, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். இந்த வருஷம் இவர் நாலாவது ஆள்.

தங்கத்துக்கு வாசனை கிடையாது ஐயா. அது ஆர்சனிக்.

கோலார்ப் பாறைகள் சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் கொட்டிய எரிமலைக் குழம்பு. தலையணை அடுக்கியதுபோல் அது உறைந்த இடத்தை அங்கே இன்றும் பார்க்கலாம். அந்தக் குழம்புதான் தங்கத்தைக் கொண்டுவந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. குழம்பு பாறையாகி வெகுகாலம் கழித்து, ஆழத்திலிருந்து விரிசல்கள் வழியே கொதிநீர் ஏறியது. தங்கம் அதில் கந்தகத்தைப் பற்றிக்கொண்டு கரைந்து வந்தது. அந்தக் கந்தகத்தைப் பாறையிலிருந்த இரும்பு பிடுங்கிக்கொள்ள, துணையை இழந்த தங்கம் அங்கேயே இறங்கிவிட்டது. அதே கொதிநீர் ஆர்சனிக்கையும் இறக்கியது. எங்கள் தொழிலில் மண்ணில் ஆர்சனிக் கூடினால்தான் 'இங்கே தோண்டிப் பார்க்கலாம்' என்போம். எங்களுக்கு அது வழிகாட்டி, உங்கள் அடுப்படியில் விஷம்.

அடுத்தது இந்த மினுமினுப்பு. எத்தனை முறைதான் சொல்வது? பித்தளை நிறத்தில் பளபளப்பது பெரும்பாலும் பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும். ஆற்று மணலில் செதில் செதிலாக மின்னுவது மைக்கா. நம் பாட்டிமார் அதற்குக் காக்காப்பொன் என்று பெயரே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சுத்தியால் தட்டுங்கள்: தங்கம் நசுங்கித் தகடாகும், பைரைட் நொறுங்கும். பாத்ரூம் டைலைத் திருப்பி, வழவழப்பில்லாத பக்கத்தில் தேயுங்கள்: தங்கம் மஞ்சள் கோடு போடும், பைரைட் பச்சை கலந்த கறுப்பு. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் மூன்று நாள் வறுக்கிறார்கள்!

"பைரைட்டுக்குள்ளேயும் தங்கம் இருக்குமே சார்" என்று விவரம் தெரிந்தவர்கள் மடக்குவார்கள். இருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். டன்னுக்கு 3 கிராம் என்று வைத்துக்கொள்வோம், சுரங்கமே நடத்தலாம். உங்கள் ஐந்து கிலோவில் 15 மில்லிகிராம். மூக்குத்தித் திருகுக்குக் காணாது. ஆய்வகத்தில் அப்படிப்பட்ட பொடி 30 கிராமை எடுத்து ஈயத்தோடு உருக்கி, ஈயத்தைப் போக்கி, வெள்ளியையும் பிரித்தால், கடைசியில் தூள் உப்பின் ஒரு மணியைவிடச் சின்னதாக ஒரு பொட்டு நிற்கும். இருபது வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அதை எடுக்கிறேன். ஒரு தும்மலில் போய்விடும்.

ஆகவே, கல்லை வறுக்காதீர்கள். பைரைட் மட்டும் என்றாலும் கந்தகப் புகை நுரையீரலை அரிக்கும். ஆர்சனிக் கலந்திருந்தால் அதன் வெள்ளைப் புகை சட்டி விளிம்பிலும் சுவரிலும் மாவாகப் படியும். அதைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. அந்தச் சட்டியில் மறுபடி சமைத்தால் என்னிடம் வராதீர்கள், நேரே டாக்டரிடம் போங்கள். பாதரசம் ஊற்றிக் காய்ச்சுவதை நினைத்தும் பார்க்க வேண்டாம். 2001இல் மூடிய மைனின் பழைய குழிகளுக்குள் டார்ச்சோடு இறங்குகிறவர்களுக்கு: உள்ளே காற்று இருக்கிறதா என்று டார்ச் சொல்லாது.

கேஜிஎஃப் குடும்பங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சயனைடு மேட்டு மண்ணை, அதாவது தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவை, வீட்டு வேலைக்கு அள்ளாதீர்கள், பிள்ளைகளை அங்கே சறுக்கி விளையாட விடாதீர்கள். மெஷினில் மாவாக அரைத்த பாறை அது. காற்றடித்தால் எந்த வீட்டுக்குள் போகும் என்று அங்கேயே வாழ்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தம்பியின் பை இன்னும் என் அறையில்தான் இருக்கிறது, இரட்டைக் கவரில் கட்டி. மேலே ஒரு துண்டு ஒட்டியிருக்கிறேன்: 'ஆர்சனிக். திறக்காதே.' நேற்று போன் செய்தார், தொண்டை தேவலையாம். பிறகு மெதுவாகக் கேட்டார், "சார், எதுக்கும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாத்துடுறீங்களா?"