"ஒண்ணும் ஆகலையே" என்று இரண்டாவது மிட்டாயை வாயில் போடாதீர்கள்

அமெரிக்காவில் கஞ்சா சட்டப்படி விற்கும் ஒரு மாநிலத்தில், அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டராக இருக்கிறேன். கஞ்சா நல்லதா கெட்டதா என்று வாதாட இதை எழுதவில்லை. 21 வயது நிரம்பியவர் கடைக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று மாநிலமே சொல்லிவிட்டது, வாங்குவதும் வாங்காததும் உங்கள் பாடு. ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக டிஸ்பென்சரிக்கு, அதாவது லைசென்ஸ் வாங்கிய கஞ்சாக் கடைக்குப், போய்விட்டு அன்று ராத்திரியே என் பிரிவில் வந்து படுக்கிறார்கள் பாருங்கள், அவர்களில் முக்கால்வாசிப் பேர் வரவே வேண்டாதவர்கள். ஒரே தப்பு, ஒரே வசனம், ஆள் மட்டும் வேறு. போன வாரம் வந்த கேஸோடு எனக்குப் பொறுமை போய்விட்டது.

அறுபது தாண்டியவர், மகன் வீட்டுக்கு வந்திருக்கிறார். மூட்டு வலி, ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. மகன் பாசத்தில் கஞ்சா கலந்த ஜெல்லி மிட்டாய் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்திருக்கிறார். என்னிடம் வரும்போது நாடித்துடிப்பு 130க்கு மேல், கண் சிவந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற அளவுக்கு வாய் வறண்டிருக்கிறது. மனைவியின் கையை விடவே மாட்டேன் என்கிறார். "மணி என்ன?" என்று கேட்கிறார், சொன்னால் ஒரு நிமிஷத்தில் திரும்பவும் "மணி என்ன?" அரை மணி நேரம் ஆகிவிட்டதாக அவருக்குத் தோன்றுகிறது. பக்கவாதமாக இருக்குமோ என்று தலைக்கு ஸ்கேன், மாரடைப்பாக இருக்குமோ என்று ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தோம். எடுக்காமல் விட முடியாது, அந்த வயதில் இரண்டுமே இருக்கலாம். கடைசியில் மகனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால், "ஒண்ணுதான் கொடுத்தேன் டாக்டர். முக்கால் மணி நேரம் ஆகியும் ஒண்ணும் ஆகலைன்னாரு, அதான் இன்னொண்ணு கொடுத்தேன்" என்கிறார்.

அந்த "அதான் இன்னொண்ணு" இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வேண்டும்.

புகைத்தால் நுரையீரல் வழியாகச் சில நிமிடங்களில் மூளைக்குப் போய்விடும். ஏறுவது தெரியும், போதும் என்றால் நிறுத்திக்கொள்ளலாம். தின்றால் அப்படி இல்லை. வயிற்றுக்குப் போய், குடலில் உறிஞ்சப்பட்டு, முதலில் கல்லீரலுக்குப் போகும். அங்கே டிஎச்சி, அதாவது போதை தருகிற பொருள், 11-ஹைட்ராக்சி-டிஎச்சி என்று இன்னொன்றாக மாறும். இது மூளைக்குள் நன்றாகவே நுழையக்கூடியது. இவ்வளவும் நடக்க அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஆகும். வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தால் இன்னும் தாமதம். உச்சத்துக்கு வர மூன்று, நான்கு மணி நேரம் ஆகலாம். தெளிய ஆறு, எட்டு மணி நேரம், சிலருக்கு மறுநாளும் தலை கனக்கும். ஆக, முக்கால் மணி நேரத்தில் "ஒண்ணும் ஆகலை" என்றால் சரக்கு சரியில்லை என்று அர்த்தமில்லை, "நம்ம உடம்புக்கு ஏறாது" என்றும் அர்த்தமில்லை. இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். பஸ் வரவில்லையே என்று ஆட்டோ பிடித்தால் பஸ்ஸை விட்டுவிட்டுப் போகலாம், இங்கே முதல் பஸ்ஸும் இரண்டாவது பஸ்ஸும் சேர்ந்து வந்து உங்கள் மேலேயே ஏறும். தயவுசெய்து இதை இரண்டு தடவை படியுங்கள், ஏனென்றால் இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், ஆட்டிவிட்டு ஒரு மணி நேரத்தில் டப்பாவைத் திறக்கிறார்கள்.

"அளவு மீறினால் என்ன, தூங்கிப்போவேன், அவ்வளவுதானே" என்று சிரிக்கிறவர்களும் உண்டு. கொலராடோவில் 2014 ஜனவரி 1ஆம் தேதி சில்லறை விற்பனை தொடங்கியது. அந்த மார்ச் மாதமே டென்வரில் ஒரு ஹோட்டலில் 19 வயது மாணவர் ஒருவர் நான்காவது மாடி பால்கனியிலிருந்து விழுந்து இறந்தார். நண்பர் வாங்கித் தந்த ஒரு குக்கீ. அதில் 65 மில்லிகிராம் டிஎச்சி, ஆறரை பேருக்கான அளவு. கடையில் சொன்னபடி முதலில் ஒரு துண்டுதான் தின்றார். அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் ஒன்றும் தெரியவில்லை என்று மிச்சத்தையும் தின்றுவிட்டார். அப்புறம் பேச்சு குழறியது, வெறி ஏறியது, அடுத்த சில மணி நேரத்தில் ஆள் இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2015ல் இதை அறிக்கையாக வெளியிட்டது. அந்த மரணத்துக்குப் பிறகுதான் கொலராடோவில் 10 மில்லிகிராமுக்கு ஒரு துண்டு என்று பிரித்தோ கோடு போட்டோ விற்க வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். கடையில் சரியாகத்தான் சொன்னார்கள், ஒரு துண்டு என்றுதான் சொன்னார்கள். இடையில் எத்தனை நேரம் காத்திருக்க வேண்டும் என்பதுதான் யார் மண்டையிலும் ஏறுவதில்லை.

சரி, அளவுக்கு வருவோம். கலிபோர்னியா, கொலராடோ போன்ற மாநிலங்களில் ஒரு துண்டில் 10 மில்லிகிராம், ஒரு டப்பாவில் 100 மில்லிகிராம் என்பது உச்ச வரம்பு. அந்த 10 என்பது உச்சவரம்பு, உங்களுக்கான டோஸ் இல்லை. முதல் தடவைக்கு இரண்டரை மில்லிகிராம் போதும், அதாவது 10 மில்லிகிராம் துண்டில் கால்வாசி. எதற்கு மிட்டாயை வெட்டிக்கொண்டிருக்க வேண்டும், இரண்டரையோ ஐந்தோ இருக்கிற டப்பாவாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். அட்டையில் இரண்டு எண்கள் இருக்கும், ஒன்று துண்டுக்கு, இன்னொன்று முழு டப்பாவுக்கு. கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். தின்ற நேரத்தை போனில் குறித்து வையுங்கள். அன்றைக்கு இரண்டாவது துண்டு கிடையாது. இரண்டு மணி நேரம் கழித்து என்றுகூட நான் சொல்வதில்லை, அன்றைக்கே கிடையாது. கூட பீரும் கிடையாது, இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தூக்கிவிடும்.

கடையைப் பற்றிக் கொஞ்சம். வாசலிலேயே வயதைச் சரிபார்ப்பார்கள், பாஸ்போர்ட் இருந்தால் போதும். வங்கிகள் கஞ்சாவை இன்னும் அனுமதிக்காத மத்திய சட்டத்துக்குப் பயந்து ஒதுங்கி நிற்பதால் கிரெடிட் கார்டு பெரும்பாலும் எடுக்காது, கடைக்குள்ளேயே ஒரு ஏடிஎம் இருக்கும். வாசலில் பச்சைச் சிலுவை மாட்டியிருந்தால் லைசென்ஸ் கடை என்று நினைத்துவிடாதீர்கள். மாநில அரசின் இணையதளத்தில் கடை பெயரைப் போட்டுப் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகாது. 2019ல் வேப், அதாவது மின்சிகரெட், இழுத்தவர்களுக்கு நுரையீரல் கெட்டுப்போன அலை ஒன்று வந்தது. 2020 பிப்ரவரிக்குள் 2,800க்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். முக்கியக் காரணம் டிஎச்சி எண்ணெயில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட், அந்தச் சரக்கில் பெரும்பகுதி தெருவிலும் தெரிந்தவர் மூலமாகவும் வாங்கியது. நான்கு டாலர் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

உள்ளே கவுண்டரில் நிற்பவரை பட்டெண்டர் என்பார்கள். பெரும்பாலும் நல்ல பிள்ளைகள், பொறுமையாகப் பேசுவார்கள். ஆனால் அவர் பார்மசிஸ்ட் இல்லை, டாக்டர் இல்லை, அவர் ஒரு விற்பனையாளர். கொலராடோவில் 400 டிஸ்பென்சரிகளுக்கு ஆராய்ச்சியாளர்கள் போன் போட்டு, "எட்டு வாரக் கர்ப்பம், காலையில் வாந்தி வருகிறது" என்று கேட்டுப் பார்த்தார்கள். 69 சதவீதக் கடைகள் கஞ்சாவையே சிபாரிசு செய்தன. 2018ல் வந்த ஆய்வு. கர்ப்பிணிக்குக் கஞ்சா கூடாது, பாலூட்டும்போதும் கூடாது, இதில் இரண்டு கருத்து கிடையாது. அப்புறம், கஞ்சா வகைகளின் பெயரைச் சொல்லி, "இண்டிகா தூக்கத்துக்கு, சட்டிவா சுறுசுறுப்புக்கு" என்று கடையில் ஒரு பாடம் நடத்துவார்கள். அந்தப் பெயரை வைத்து உங்கள் உடம்பில் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான், எத்தனை மில்லிகிராம்? இலையாக வாங்கினால் எத்தனை சதவீதம்? 1990களின் நடுவில் பிடிபட்ட கஞ்சாவில் டிஎச்சி சராசரி 4 சதவீதம்தான். இன்றைக்குக் கடையில் 20, 25 என்பது சாதாரணம், டாப்ஸ், வாக்ஸ் என்று விற்கிற செறிவூட்டிய சரக்கு 60, 80 என்று போகும். "காலேஜில் இழுத்தவன்தானே நான்" என்று மார்தட்டுகிற அண்ணன்மார்களே, நீங்கள் இழுத்தது வேறு, இது வேறு.

இதய நோய் இருந்தால் வேண்டாம். நாடித்துடிப்பு ஏறும், எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும், பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், உறுப்பு மாற்று செய்து டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறவர்கள், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள், "சும்மா சிபிடிதானே, போதையே இல்லையே" என்று கஞ்சாவில் இருக்கிற அந்த இன்னொரு பொருளையும் தொடாதீர்கள். அந்த மருந்துகளின் அளவு ரத்தத்தில் கூடிவிடலாம். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு, பைபோலார் இருந்தால் உங்களுக்கு இந்த விளையாட்டே வேண்டாம். அப்பா அம்மாவுக்கு நல்லது என்று நினைத்துக் கொடுக்கிற பிள்ளைகளே, அவர்கள் மாத்திரை டப்பாவை ஒரு தடவை திறந்து பார்த்திருக்கிறீர்களா? அவர்களிடம் அது என்ன என்று சொல்லித்தான் கொடுத்தீர்களா? சொல்லாமல் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அது பாசம் இல்லை.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இதைக் கட்டாயம் படியுங்கள். ஆறு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் கஞ்சா மிட்டாய், சாக்லேட் தின்றதாக அமெரிக்க நச்சுத் தகவல் மையங்களுக்கு 2017ல் வந்த அழைப்புகள் 207. 2021ல் 3,054. குழந்தைக்கு அது மிட்டாய், ஒன்றோடு நிறுத்தாது. இரண்டு வயதுக் குழந்தை துவண்டு, எழுப்பினாலும் எழாமல் வரும். மூச்சு குறைந்து ஐசியூ வரை போன குழந்தைகள் உண்டு. கைப்பையில், தலையணைக்கு அடியில், பிரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள். பூட்டுப் போட்ட பெட்டியில் வையுங்கள். அது முடியாதென்றால் வாங்காதீர்கள்.

தின்ற அன்று கார் ஓட்டக் கூடாது, போதையில் ஓட்டுவது எல்லா மாநிலத்திலும் குற்றம். விமான நிலையத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், பக்கத்து மாநிலத்திலும் சட்டப்படி விற்றாலும் எல்லை தாண்டிக் கொண்டுபோனால் மத்தியக் குற்றம்தான். தேசியப் பூங்காவும் மத்திய நிலம்தான், அங்கேயும் கொண்டுபோகாதீர்கள். நான் வக்கீல் இல்லை, ஆனால் விசாவில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டம் அனுமதிக்கவில்லை, குடியேற்றம் பார்ப்பது மத்திய அரசு. பயன்படுத்தியதாக நீங்களே ஒப்புக்கொண்டாலே நாட்டுக்குள் வரவும் கிரீன் கார்டுக்கும் தடை வரலாம், தண்டனை பெற்றிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மாநிலச் சட்டப்படி சரியாக இருந்தாலும் குடியுரிமைக்கான நன்னடத்தைக்கு இடிக்கலாம் என்று 2019 ஏப்ரலிலேயே குடியேற்றத் துறை எழுத்தில் சொல்லிவிட்டது. கடை வாசலில் நின்று செல்பி எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிற ஹெச்1பி தம்பிமார்களைப் பார்த்தால் எனக்கே பதறுகிறது. முதலில் ஒரு குடியேற்ற வக்கீலைக் கேளுங்கள், அப்புறம் கடைக்குப் போவதைப் பற்றி யோசியுங்கள்.

இந்தப் பயத்தாலேயே என்னிடம் பொய் சொல்கிறார்கள், அதுதான் இன்னொரு தலைவலி. "பிரியாணி ஒத்துக்கல டாக்டர்" என்கிறார்கள். குழந்தை மயங்கிக் கிடக்கிறது, பெற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாயைத் திறப்பதில்லை. நாங்கள் மூளைக்காய்ச்சலோ என்று முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டியிருக்கிறது. நான் போலீஸ் இல்லை, குடியேற்ற அதிகாரியும் இல்லை. பெரியவர் ஒருவர் தனக்காகத் தின்றதை என்னிடம் சொன்னால் நான் யாருக்கும் போன் போட மாட்டேன். குழந்தை தின்றிருந்தால் சமூகப் பணியாளர் வந்து கேள்வி கேட்பார், மறைக்கவில்லை, ஆனால் தேவையில்லாத முதுகு ஊசியை விட அது எவ்வளவோ மேல்.

அளவு மீறிவிட்டது, ஆள் பதறுகிறார், ஆனால் பேசுகிறார், மூச்சு நன்றாக இருக்கிறது என்றால் விளக்கைக் குறைத்து, உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கூடவே ஒருவர் இருங்கள். தனியாக விடாதீர்கள், பால்கனிக் கதவைப் பூட்டுங்கள். இது இறங்கும் என்று சொல்லிக்கொண்டே இருங்கள், அவருக்கு அது நம்பிக்கையாக இருக்காது, பரவாயில்லை, சொல்லுங்கள். இதை முறிக்கிற மருந்து எங்களிடமும் இல்லை, நாங்களும் சலைன் ஏற்றி, பதற்றத்துக்கு மருந்து கொடுத்துக் காத்திருப்போம். சந்தேகமாக இருந்தால் நச்சுத் தகவல் மையம், 1-800-222-1222, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. நெஞ்சு வலி, மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல், எழுப்பினால் எழவில்லை, அல்லது தின்றது குழந்தை என்றால் யோசிக்காமல் 911. வரும்போது அந்த டப்பாவையும் கொண்டு வாருங்கள். குப்பையில் போட்டிருந்தாலும் தேடி எடுத்துக்கொண்டு வாருங்கள், எத்தனை மில்லிகிராம் என்று அதில்தான் இருக்கும்.