கட்டி ஒடுக்கி மரபணு

மார்பகப் புற்றுநோய் ஆய்வைப் பற்றிப் படிப்பவர்கள் 'டியூமர் சப்ரசர் ஜீன்' என்ற தொடரை அடிக்கடி காண்பார்கள். 'டியூமர்' என்பது லத்தீனில் வீக்கம். 'சப்ரசர்' என்பதன் வேரும் லத்தீன்தான். கீழே அழுத்துதல் என்று பொருள். 'ஜீன்' என்ற சொல்லை 1909இல் உருவாக்கியவர் டென்மார்க்கின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன்.

தமிழில் 'கட்டி ஒடுக்கி மரபணு' என்பது பொருந்தும். 'கட்டி அடக்கி' என்றாலும் குறையில்லை. 'எதிர்ப்பு மரபணு' என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். வந்துவிட்ட கட்டியோடு போராடும் மரபணு என்ற எண்ணத்தை அது தந்துவிடும். உண்மையில் இவை கட்டி தோன்றுவதற்கு முன்பே வேலை செய்கின்றன. செல் அளவுமீறிப் பெருகாமல் தடுக்கின்றன, அறுந்த டிஎன்ஏவைப் பழுதுபார்க்கின்றன, சீராக்க முடியாத செல்லைச் சாகவைக்கின்றன.

இவற்றைத் தேடும் முறை வியப்பானது: இருப்பதையல்ல, இழந்ததைத் தேட வேண்டும். ஒவ்வொரு மரபணுவும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரு படிகளாக, அதாவது நகல்களாக, இருக்கிறது. இரண்டும் கெட்டால்தான் கட்டி உருவாகும் என்ற கருத்தை, குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயை ஆராய்ந்த ஆல்ஃபிரட் நட்சன் 1971இல் முன்வைத்தார். ஆகவே ஆய்வாளர்கள் ஒரே நோயாளியின் இரத்தத்தையும் கட்டியையும் ஒப்பிட்டார்கள். குரோமோசோமின் ஓரிடத்தைச் சோதித்தால், இரத்த டிஎன்ஏவில் இரு படிகளும் இரண்டு பட்டைகளாகத் தெரியும். கட்டியின் டிஎன்ஏவில் ஒன்று மறைந்திருக்கும். பல நோயாளிகளிடம் அதே இடம் தொலைந்திருந்தால், அங்கே ஓர் ஒடுக்கி மரபணு இருக்கலாம் என்று ஐயுறலாம்.

இன்னொரு வழி குடும்பங்களை ஆராய்வது. இளவயதிலேயே மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களின் குடும்பங்களை ஆராய்ந்த மேரி-கிளேர் கிங், நோய்க்குக் காரணமான மரபணு இருக்கும் இடமாக 1990இல் 17ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தை, அதாவது அதன் இரு பகுதிகளில் நீளமானதை, சுட்டினார். அங்கிருந்த பிஆர்சிஏ1 (BRCA1) என்ற அந்த மரபணு 1994இல் பிரித்தெடுக்கப்பட்டது. 13ஆம் குரோமோசோமிலுள்ள பிஆர்சிஏ2 அடுத்த ஆண்டு கிடைத்தது. அந்தக் குடும்பங்களில் நோயுற்றோர் கெட்ட படி ஒன்றைப் பிறவியிலேயே பெற்றிருந்தார்கள்; அவர்களின் கட்டிகளில் தொலைந்திருந்தது பெரும்பாலும் மற்ற நல்ல படிதான். நட்சன் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

பி53 மரபணுவின் கதை வேறு. அதன் புரதம் 1979இல் கண்டறியப்பட்டபோது புற்றுநோயைத் தூண்டுவது என்றே கருதப்பட்டது. சோதனைகளில் பயன்பட்டவை திரிந்த படிகள் என்று பின்னரே தெரிந்தது. 1989இல்தான் அது ஒடுக்கி என்பது உறுதியானது.

'அவருக்கு பிஆர்சிஏ இருக்கிறது' என்று சொல்வது தவறு. அந்த மரபணு எல்லோருக்கும் இருக்கிறது. தீங்கான திரிபு இருக்கிறதா என்பதே கேள்வி. அத்திரிபு ஆண்களிடமும் இருக்கலாம். தந்தையிடமிருந்தும் அது ஒரு மகளுக்கு வருவதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதால், தந்தைவழி உறவினரின் நோய் வரலாற்றையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.