படர்தாமரை என்று நினைத்த வட்டம்

பாரிஸ் புறநகரில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு ஜூன் கடைசியில் ஒரு பெரியவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, படர்தாமரைக்கு ஒரு கிறீம் தாங்கோ" என்றார். கை தானாகவே அலமாரிப் பக்கம் போய்விட்டது. ஏதோ தோன்றி, "கடிக்குதா ஐயா?" என்று கேட்டேன். நான் புதுச்சேரிக்காரி என்றாலும், அவர்கள் பேச்சில் கடி என்றால் அரிப்பு என்பது இத்தனை வருடத்தில் பழகிவிட்டது.

"இல்லை. அதுதான் புதினமாக் கிடக்கு."

உள்ளறைக்கு அழைத்துப் போய்ப் பார்த்தேன். முழங்காலுக்குப் பின்பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம். சிவப்பு இல்லை, ஆறிவரும் கன்றலைப் போலக் கருஞ்சிவலை. விரலால் தடவினால் வழவழப்பு, செதில் எதுவும் உதிரவில்லை. படர்தாமரை என்றால் ஓரத்தில் செதில் இருக்கும், அரித்தெடுக்கும். "காடு, மலை என்று எங்காவது போனீர்களா?" பெந்தெகொஸ்து விடுமுறைக்கு மகன் குடும்பத்தோடு மொர்வான் போயிருக்கிறார்.

மொர்வான் பர்கண்டியில் இருக்கிறது, பாரிஸிலிருந்து காரில் மூன்று மணி நேரம் போல. உயரமான சிகரமே 901 மீட்டர்தான், அதனால் குழந்தைகளும் நடக்கலாம். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட ஜெ.எர். 13 என்ற நெடுந்தூர நடைபாதை அந்த மலைகளின் ஊடே போகிறது. இவர்கள் நடந்தது செத்தோன் ஏரியைச் சுற்றி. அது இயற்கை ஏரி இல்லை. கூர் ஆற்றில் வெட்டுமரங்களை மிதக்கவிட்டுப் பாரிஸுக்கு அனுப்பிய காலத்தில், தண்ணீரைத் தேக்கித் திறந்துவிட 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய அணை. தலைநகரம் குளிர்காய்ந்த விறகு அந்தத் தண்ணீரில் வந்ததுதான். அழகான இடம், நானும் போயிருக்கிறேன். போகாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை.

விஷயம் உண்ணி. நம் ஊரில் மாட்டிலும் நாயிலும் பார்த்திருப்போமே, அந்த வகைதான். இங்கே காட்டோரப் புல்லிலும் பெரணிச் செடியிலும் காத்திருக்கும். மரத்திலிருந்து குதிப்பதெல்லாம் இல்லை. புல் நுனியில் தொற்றிக்கொண்டிருந்து, உரசிப் போகிற காலைப் பற்றிக்கொள்ளும். இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். கடித்தால் வலிக்காது. அதனால் "ஏதாவது கடித்ததா?" என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும், ஐயாவும் அதையேதான் சொன்னார். சில உண்ணிகளிடம் லைம் நோய்க் கிருமி உண்டு. கடித்து மூன்று நாள் முதல் முப்பது நாளுக்குள் அந்த வட்டம் கிளம்பி மெல்ல அகலும். கவனிக்காமல் விட்டால் பின்னால் மூட்டு, நரம்பு, சிலருக்கு இதயம் வரை போகும்.

இங்கே ஒட்டியிருக்கும் விழிப்புணர்வுப் படங்களில் எல்லாம் வெள்ளைத் தோலில் பளீரென்று சிவப்பு வளையம். நம் தோலில் அப்படித் தெரியாது. ஊதா, பழுப்பு, சில சமயம் நிறம் லேசாகக் கறுத்தது போல மட்டும். சந்தேகமாக இருந்தால் பால்பாயிண்ட் பேனாவால் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள், பக்கத்தில் ஒரு யூரோ நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். இரண்டு நாளில் கோட்டைத் தாண்டினால் டாக்டரிடம் போங்கள். இந்த வட்டத்துக்குப் பிரெஞ்சில் "எரித்தெம் மிக்ரான்" என்று பெயர், அப்படிச் சொன்னால் அவருக்குப் புரியும். ரத்தப் பரிசோதனை எழுதித் தரச் சொல்லிப் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். ஆரம்பத்தில் அது பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. வட்டத்தைப் பார்த்தே மருந்து தருவார்கள்.

உண்ணி ஒட்டிக்கொண்டிருப்பதையே பார்த்துவிட்டால் எண்ணெய், மண்ணெண்ணெய், ஸ்பிரிட் எதையும் ஊற்றாதீர்கள். வேப்பெண்ணெயும்தான், அம்மா சொன்னாலும். எரிச்சலில் அது உள்ளே இருப்பதைக் கக்கிவிடலாம். மருந்துக்கடையில் "தீர்-தீக்" என்று கேட்டால் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் கொக்கிகள் தருவோம், சில யூரோதான். கொக்கியின் பிளவைப் பக்கவாட்டில் தோலோடு தோலாக உண்ணிக்கு அடியில் நுழைத்து, மெதுவாகச் சுழற்ற வேண்டும். இழுக்கக் கூடாது. இரண்டு மூன்று சுற்றில் தானாக விட்டுவிடும். அப்புறம்தான் கிருமிநாசினி. எடுத்த தேதியைக் குறித்துவைத்து, ஒரு மாதம் அந்த இடத்தைப் பார்த்துவர வேண்டும். வட்டம் எதுவும் வராதபோது, கடித்துவிட்டதே என்று முன்கூட்டியே ஆன்டிபயாடிக் சாப்பிடும் வழக்கம் இங்கே இல்லை.

நீளக் கால்சட்டை, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகுவது, பாதையின் நடுவில் நடப்பது, இவை பாதி வேலையை முடித்துவிடும். மீதி, அன்று இரவே உடம்பைப் பார்ப்பது: முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, அக்குள், தொப்புள். குழந்தைகளுக்குக் காதின் பின்புறமும் தலைமுடிக்குள்ளும். சீக்கிரம் எடுத்துவிட்டால் கிருமி உள்ளே போகும் வாய்ப்பு நன்றாகக் குறையும்.

ஐயாவுக்கு டாக்டர் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை 14 நாளைக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள், விழுங்கியதும் படுக்காதீர்கள், முடியும்வரை வெயிலில் காயாதீர்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். ஆகஸ்டில் மறுபடி வந்தார். வட்டம் மறைந்துவிட்டது. "ஒருக்கா வந்தது இனி வராதுதானே பிள்ளை?" வரும் ஐயா, திரும்பக் கடித்தால் திரும்ப வரும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்து மூன்று கொக்கி வாங்கிக்கொண்டு போனார்.